தையலுக்கு விட்ட அரை அங்குலம்

ஜூலை 2, செவ்வாய்

யுகேந்திரன் பெட்டி. உயரம் 26, அகலம் 22, ஆழம் 22. எல்லாம் சென்டிமீட்டர்.

ரவிக்கை அளவு எழுதுகிற நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். அவன் இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதித் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தான். வெயில் பட்டுப் பேனா எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. அதனால் இதில் ஏற்றி வைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

பள்ளிக்கூடச் சீருடை பதினாறு முடித்தேன். கொக்கி மட்டும் பாக்கி.

அளவை எழுதி வைத்ததிலிருந்து அந்தப் பெட்டியை நானே செய்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. என்னென்ன இருக்கிறது என்று இன்று எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் உள்பாகம் முழுவதும் ஒரு பலகை மேல் அப்படியே இருக்கிறது. மாசி மாதமே ஓட்டிக் காட்டினான். மேலே போடப் பெட்டிதான் இல்லை. பெட்டிக்குக் கண்ணாடி மாதிரித் தகடு ஒன்று கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அக்ரிலிக் என்பான். இரண்டு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டி வந்திருக்கிறது. அந்தக் காகிதத்தின் மேலேயே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். ஆறு துண்டு. கோடு நன்றாக நேராக இருக்கிறது. என் ஸ்கேலைத்தான் எடுத்திருப்பான்.

பெட்டி வைசாலிக்கு. பன்னிரண்டாவது முடித்ததும் காலேஜுக்குத் தருகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தான். ஹாஸ்டல் அலமாரியில் அடங்குகிற மாதிரிச் சின்னதாக இருக்க வேண்டும், உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரிய வேண்டும், இவ்வளவுதான் அவள் கேட்டது. சேலத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் 25 ஹாஸ்டலில் சேர வேண்டும்.

சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்.

"அண்ணன் பொட்டிய நான் முடிச்சுத் தர்றேன் கண்ணு."

"வேண்டாம்."

"முக்காவாசி வேலை அவனே பண்ணி வெச்சிருக்கான்."

"வேண்டாங்கறேன்லம்மா. அந்தத் திருகு வாங்கிட்டு வா வாங்கிட்டு வான்னு நான் பிடுங்குனதாலதான அண்ணன் அன்னைக்கு வண்டி எடுத்தான்? அந்தப் பொட்டிய நான் எப்படித் தொடுவேன்?"

எழுந்து போனேன். அடுப்பில் பருப்பு இருந்தது.

திருகு என்று அவள் சொல்வது நாலு பித்தளைக் கால். பெட்டிக்குள் கம்ப்யூட்டர் அட்டையைத் தூக்கி நிறுத்துகிற கால்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும். அது பட்டன் டப்பாவில் இருக்கிறது. பதினாறாம் நாள் அவன் துணிகளைத் துவைக்கும்போது காக்கி பேண்ட் பையில் கிடைத்தது. தொலைந்துவிடும் என்று டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ருக்குமணி அக்கா ரவிக்கைத் துணி கொண்டுவந்தார். மயில் கழுத்து நிறம். எடுக்கவில்லை. அந்த நிறத்தில் நூல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"நூல் இல்லைன்னா கடையில இல்லாமயா போச்சு? நீ எப்ப இருந்து இப்படி ஆன துளசிமணி?" என்றார்.

அடுத்த வீதியில் தைக்கிறவளைச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 7, ஞாயிறு

வெட்டிவிட்டேன். ஆறு துண்டும்.

அவன் ஒரு ஓரத்துத் துண்டை வெட்டிப் பார்த்ததை நான் கவனித்திருக்கிறேன். இரும்பு அறுக்கிற பிளேடை ஒடித்து, பிடிக்குத் துணி சுற்றி, அதையே கத்தியாக்கி வைத்திருந்தான். ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் பதினைந்து இருபது தரம் கீற வேண்டும். பிறகு மேஜை விளிம்பில் கோட்டை வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை ஒரே அமுக்கு. டப்பென்று போகும். முதல் தடவை பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதிலிருந்து சரியாக வந்தது.

துணி வெட்டுகிற மேஜையிலேயே வைத்து வெட்டினேன். வைசாலி உள்ளே படுத்திருந்தாள். சத்தம் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

சேரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று இன்றுதான் பிடிபட்டது.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் அவன் ஒரு அங்குலம் இடம் விட்டிருந்தான். அது தையலுக்கு விட்டது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக ரவிக்கை வெட்டுகிற கை. குறி போட்ட கோட்டிலேயே யாராவது வெட்டுவார்களா? கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவோம். பிறகு பிரித்துப் பெரிதாக்கவும் இடம் வேண்டுமே. அப்படியே ஆறு துண்டுக்கும் நாலு பக்கமும் அரை அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறேன். இது மடியாது. உள்ளே தள்ளித் தைக்க முடியாது. எல்லா முனையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறது.

அரை அங்குலத்தைக் கீறி எடுத்துவிடலாம் என்று முன்பக்கத் துண்டில் பார்த்தேன். அவ்வளவு ஒல்லியாக இருந்தால் பிடித்து அமுக்க இடமில்லை. இடுக்கியால் பிடித்தேன். குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. மூலையிலிருந்து மூலைக்கு.

அந்தத் துண்டின் காகிதத்தில் "வைசாலி பார்க்கும் பக்கம்" என்று எழுதியிருந்தான்.

அதைத் துணி அடுக்கில் வைத்துவிட்டேன். மிச்சம் ஐந்தையும் நான் தொடப் போவதில்லை. யாராவது தெரிந்தவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

ரயில்வே கேட் பக்கத்தில் பெயர்ப்பலகை செய்கிற ரஃபீக் பாய் கடைக்குப் போனேன். கடைகளுக்கு எழுத்து வெட்டிக் கொடுக்கிறவர். துண்டுகளைக் கட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்ததும் கோட்டைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோடு யாரு போட்டதுங்கக்கா? கோடு சுத்தமா இருக்குதே."

"என்ற பையனுங்க."

"வெட்டுனது?"

"நானுங்க."

"என்ன தொழில் பண்றீங்க?"

"தையலுங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதானே பாத்தேன். அக்ரிலிக்குக்கு ரவிக்கை தெச்சிருக்கீங்க. இன்னும் கொக்கிதான் வெக்கல."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை எழுதக் காரணம், மாசிக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

மெஷினில் வைத்து ஐந்தையும் அவன் கோட்டிலேயே வெட்டிக் கொடுத்தார். உடைந்த துண்டுக்குப் பதில் புதிதாக ஒன்றும் வெட்டினார். ஒட்டுகிற மருந்தையும், ஊசி போடுகிற சிரிஞ்சு ஒன்றையும் கொடுத்தார். அது பசை மாதிரி இல்லை, தண்ணீர் மாதிரி இருக்கிறது. இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் ஊசியால் விட்டால் அதுவாகவே ஓடிப் பரவிக்கொள்ளுமாம்.

"ஒட்டுற எடத்துல மட்டும் காயிதத்த விரல் அளவுக்கு உரிச்சுக்குங்க. முழுசா உரிச்சுப்போடாதீங்க, கீறல் விழுந்துரும். எல்லா வேலையும் முடிஞ்ச பொறவுதான் உரிக்கோணும். பையன அனுப்பி விடுங்களேன், ஒருக்கா காட்டித் தந்துர்றேன்."

"அவன் வெளியூர்ல இருக்கானுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பஸ் ஏறும் வரை அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

மழை. ஒட்டவில்லை. ஈரத்தில் ஒட்டினால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று பாய் சொல்லியிருந்தார்.

ஜூலை 21, ஞாயிறு

அடியும் பின்பக்கமும் ஒட்டினேன். அந்த மருந்து தலை வலிக்கிற நாற்றம். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். தகட்டைச் செங்குத்தாக நிறுத்த, இரண்டு பக்கமும் செங்கல்லுக்குத் துணி சுற்றி வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு துண்டிலும் அவன் ஏதாவது எழுதியிருக்கிறான். பின்பக்கத்தில் "காற்று வெளியே." அடியில் "ரப்பர் புஷ் 4." ஓரம் உரிக்கும்போது எழுத்துப் போய்விடாமல் பார்த்துப் பார்த்து உரித்தேன். மேல் மூடியில் என்ன எழுதியிருக்கிறான் என்று இன்றுதான் கவனித்தேன். "கைப்பிடி – அம்மா தைக்கணும்."

என்னிடம் சொல்லவே இல்லை. சொல்ல இருந்திருப்பான்.

மத்தியானம் தக்காளிச் சாதம்.

ஜூலை 28, ஞாயிறு

பக்கத் தகட்டை ஒட்ட இரண்டு கை போதவில்லை. ஒரு கையில் தகடு, ஒரு கையில் ஊசி. சரிந்துவிடப் போகிறதென்று, "வைசாலி, சித்தெ வந்து புடி" என்று கத்திவிட்டேன். யோசித்துக் கூப்பிடவில்லை. வாயில் வந்துவிட்டது.

வந்தாள். பிடித்தாள். மருந்து இடுக்கில் ஓடுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்கிற வரை ஐந்து நிமிடம் அசையக் கூடாது.  பிறகு பின்பக்கத்தில் நான் மாட்டியிருந்த ஃபேனைப் பார்த்து, "ஃபேன அந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கற. காத்து வெளிய போகோணும்னு எழுதியிருக்குதுல்ல" என்றாள்.

திருப்பி வைத்தேன்.

"திருகு இல்லாம அந்த அட்டை என்னத்துல நிக்கும்?" என்று கேட்டாள்.

"வாங்கிக்கலாம்" என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. நமக்கு இந்த வருடம் இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டு, உடனே ஞாபகம் வந்து எடுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் நின்றார்கள். வாங்கிக்கொண்டேன். வைசாலி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

யுகேந்திரன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நாலு பித்தளைக் கால் வேண்டும் என்று கேட்டேன். அங்கே இருந்த தம்பிக்கு என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றுவிட்டான்.

"அத யுகேந்திரன் வாங்கிட்டுப் போயிட்டானுங்களே அம்மா. அந்தச் செவ்வாக்கிழமையே. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"தொலஞ்சு போச்சு" என்றேன்.

புதிதாக ஒரு பாக்கெட் கொடுத்தான். காசு வாங்க மாட்டேன் என்றான்.

இப்போது இரண்டு பாக்கெட் இருக்கிறது. ஒன்று கைப்பையில், ஒன்று பட்டன் டப்பாவில்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வைசாலி அப்பா நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தார். நிட்டிங் மெஷின் சத்தத்திலேயே இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒட்டின இடத்தில் விரலை ஓட்டினார். கடைக்குப் போய் வாங்கி வந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

"அந்த நூல எங்க வெச்சிருக்கற?" என்றார்.

கை வேலையை விட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். போன், பர்ஸ், ஒரு நூல்கண்டு. கையெழுத்துப் போட்டு வாங்கினது அவர்தான். கவரை நான் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"பட்டன் டப்பாவுல இருக்குதுங்க" என்றேன்.

"புள்ள ஊருக்குப் போறதுக்குள்ள சொல்லிப்போடு மணி. நான் சொன்னா நல்லா இருக்காது."

 குளித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் பார்ப்பதில்லை. மாசி கடைசி முகூர்த்தத்துக்கு ஒரு ரவிக்கை. மயில் கழுத்து நிறம். ஒரு கை ஏற்றியாகிவிட்டது, இன்னொரு கைக்கு நூல் இல்லை. சாயங்காலம் கொடுக்க வேண்டும். அவன் சனிக்கிழமை அரை நாள் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நூல் வாங்கி வா என்று அனுப்பினேன். அவன் போனது அதற்கு. வைசாலி சொன்ன திருகுக்கு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் எல்லார் முன்னாலும், "நான்தான் திருகு வாங்க அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அப்புறம் சொல்லலாம் என்றால் அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஊரார் பேச்சுக்குப் பயப்படவில்லை. எனக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ரஃபீக் பாய் கடைக்குப் போனேன். மேல் மூடிக்கு ஓட்டை போட வேண்டும். வீட்டில் போட்டால் தெறித்துவிடும்.

"பையன் வந்துட்டாப்லயா?" என்றார்.

"பையன் இல்லீங்க பாய். மாசி மாசம் வண்டியில போறப்ப லாரி அடிச்சுப்போச்சு. அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

மெஷினை நிறுத்திவிட்டார். துண்டை வாங்கி, காகிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். எழுத்தின் மேல் படாமல் தள்ளி ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

ஒரு ஆளிடம் சொல்லியாகிவிட்டது. 

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதை விட மோசமாகச் செய்தேன்.

புதுப் பாக்கெட்டைப் பிரித்து நாலு காலையும் மேஜை மேல் வைத்தேன். கடையில் வாங்கி வந்தேன் என்றேன். வைசாலி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தனூண்டுதானா?" என்றாள். "இதுக்கா?"

பிறகு அவளே நாலையும் திருகினாள். அட்டையை வைத்தாள். கண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை, கை வேலை செய்துகொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே நின்று திருப்புளி எடுத்துக் கொடுத்தேன்.

நான் எழுதுவது சரியாக இருக்க வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும். பட்டன் டப்பா அப்போது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கம்பெனி லீவு. காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "முடி வெட்டிட்டு வர்றேன்" என்றார். போன வாரம்தான் வெட்டினார்.

டப்பாவை எடுத்து வந்து மேஜையில் வைத்துத் திறந்தேன். பாக்கெட்டை எடுத்து வைத்தேன்.

"இது என்ன, இன்னொரு பாக்கெட்டு?" என்றாள் வைசாலி.

"அண்ணன் வாங்குனது. அந்தச் செவ்வாக்கிழமையே வாங்கிட்டான். காக்கி பேண்ட்டுல இருந்துச்சு."

அவள் விரலால் எண்ணினாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி.

"அப்ப அன்னைக்கு எதுக்குப் போனான்?"

நூல்கண்டை எடுத்து வைத்தேன். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது.

"நான் அனுப்பினேன் கண்ணு. ரவிக்கைக்கு. வெயில் தாழப் போறேம்மான்னான். நான்தான் இப்பவே போடான்னேன். சோத்துல பாதிய வெச்சுட்டுப் போனான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நூலு அன்னைக்கே தெரியும். திருகு பதினாறாம் நாளு."

"அஞ்சு மாசம்மா" என்றாள்.

"ஆமா."

"நான் ராத்திரி அழுவறப்பெல்லாம் நீ பக்கத்துலதான படுத்திருந்த?"

"ஆமா."

"முழிச்சுட்டுதான் இருந்தியா?"

"ஆமா" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். எதையாவது தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அண்ணன் வாங்கின பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அவர் வந்து கூப்பிட்டும் வரவில்லை. வெயில் சாய்ந்த பிறகு இறங்கி வந்தாள். சாப்பிட்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பேசவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

பேசவில்லை. அவள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகிற சுடிதார் நாலுக்கும் பக்கவாட்டில் பிடித்தேன். மெலிந்துவிட்டாள். போன வருடத்து அளவு இந்த நோட்டின் முன்பக்கம் எழுதியிருக்கிறது. இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறாள். பிரித்துவிட இடம் விட்டே பிடித்திருக்கிறேன். உடம்பு தேறினால் யாரிடமாவது கொடுத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பகலில் பூசணிக்காய் வாங்கப் போய் வந்தேன். வந்து பார்த்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. நான் வாங்கி வந்த நாலு காலும் கழற்றி மேஜை ஓரத்தில் இருக்கிறது. உள்ளே வேறு நாலு இருக்கிறது. பழைய பாக்கெட் காலியாக இருக்கிறது.

வைசாலி குளித்துக்கொண்டிருந்தாள். கழற்றினதை எடுத்துப் பட்டன் டப்பாவில் போட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் காபி வைத்துக் கொடுத்தேன். குடித்து முடித்துத் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கைப்பிடி தெக்கலியா?"

ஆறு நாள் கழித்து முதல் பேச்சு. நான் அவசரப்படவில்லை.

"நாடா இருக்குது. கறுப்பு. பள்ளிக்கூடப் பைக்குப் போடறது. வெறும் மூடியில மாட்டுனா ஒட்டு விட்டுப்போகும். அடியில இருந்து சுத்தி எடுத்து, மேல ஓட்டை வழியா விடலாம்னு இருக்கறேன்."

"ம்."

"கறுப்பு நூலு இருக்குது."

அவள் கதவு வரைக்கும் போய் நின்றாள். "அண்ணன் வாங்கிட்டு வந்த நூல்லயே தெய்" என்றாள். திரும்பிப் பார்த்து, "உன்மேல எனக்குக் கோபம் போகல. அது வேற" என்றாள்.

"சரி" என்றேன்.

உறையைப் பிரித்தேன். நசுங்கின பக்கத்தில் நூல் சிக்கியிருந்தது. ஒரு இருபது முழம் போல அறுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அதற்கு உள்ளே நன்றாகவே இருந்தது. நாலு வரிசை ஓட்டினேன். முனையில் குறுக்கே கட்டம் போட்டு இரண்டு தரம். கறுப்பில் அந்த நிறம் எடுப்பாகத் தெரிகிறது. அறுந்தால் நாடாதான் அறும், தையல் விடாது.

ஆகஸ்ட் 24, சனி

காகிதம் உரித்தோம். இதைத்தான் நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அவன் எழுத்து அதில்தான் இருக்கிறது. உரிக்காமல் விட்டால் உள்ளே ஒன்றும் தெரியாது.

"அப்படியே இருக்கட்டுமே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பறம் எதுக்கும்மா கண்ணாடி?" என்றாள்.

அவள்தான் உரித்தாள். முடி உலர்த்துகிற மெஷினைப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து சூடு காட்டிக் காட்டி, கிழியாமல் முழுத் தாளாக எடுத்தாள். "காற்று வெளியே." "ரப்பர் புஷ் 4." ஒவ்வொன்றாக எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கடைசியில் மூடியில் இருந்ததை உரித்து என்னிடம் நீட்டினாள்.

"இது உனக்கு எழுதுனது."

முன்பக்கத்தில் எழுத்து இல்லை. அது பாய் வெட்டிக் கொடுத்த புதுத் தகடு. துணி அடுக்கிலிருந்து விரிசல் விட்ட துண்டை எடுத்து வந்து கொடுத்தேன். "வைசாலி பார்க்கும் பக்கம்." அவள் அதை முதல் தடவையாகப் பார்க்கிறாள். விரிசலில் விரலை வைத்து, "இது என்னாச்சு?" என்றாள். தையலுக்கு அரை அங்குலம் விட்டதைச் சொன்னேன். பாய் சொன்னதையும் சொன்னேன்.

"கொக்கியா?" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கைச் சிந்தினாள். அவர் உள்ளே இருந்து என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

சுவிட்ச் போட்டாள். ஃபேன் சுற்றியது. உள்ளே சின்னதாக ஒரு பச்சை விளக்கு. நாலு பித்தளைக் காலும் நன்றாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சேலம் பஸ். அவர் பெட்டி படுக்கையை மேலே ஏற்றினார். கம்ப்யூட்டர் பெட்டியை மேலே வைக்க அவள் விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைப்பிடியை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சேந்துட்டு போன் பண்ணு" என்றேன்.

"அப்பாவுக்குப் பண்றேன்" என்றாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அவர் போனுக்கு வந்தது. நன்றாக இருக்கிறாளாம். சாம்பார் தண்ணியாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மத்தியானம் என் போன் அடித்தது.

"அம்மா, ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது."

"எந்த மூலையில?"

"கீழ. இடது பக்கம்."

"அந்தத் திருகு அப்பவே சரியா ஏறல. ரொம்ப முறுக்காத, தகடு விட்டுரும். துணி வெச்சுட்டு லேசாத் திருப்பு."

போனைக் கீழே வைத்துவிட்டுத் திருகினாள். எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது.

"நின்னுருச்சு" என்றாள்.

"சாப்புட்டியா?"

"ம். நீ?"

"இனிமேத்தான்."

"போய்ச் சாப்புடு. மணி மூணாச்சு" என்றாள். வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ருக்குமணி அக்கா வந்தார். மயில் கழுத்துத் துணி அப்படியே பையில் இருக்கிறது. அடுத்த வீதிக்காரி தைத்தால் கழுத்து இறங்கிவிடும் என்று அவளிடம் கொடுக்கவில்லையாம். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டுமாம். "இப்பவாச்சும் நூல் இருக்குதா இல்லையா?" என்றார்.

அளவு எடுத்தேன். நோட்டின் முன்பக்கம் எழுதினேன். மார்பு 38, கை நீளம் 9, கழுத்து இறக்கம் 6.

நூல் இருக்கிறது.